வீட்டுக்கு வரும் பொருள்கள் – 9: முதலில் பேச்சு, பிறகு அதிர்வு

சென்ற வாரம் டிவியை வாங்கிச் சுவரில் மாட்டியாயிற்று. தாசேக் கெலுகோர் தாமான் வீடுகளில் புது டிவி வந்த சில நாளிலேயே ஒரு குரல் எழும். பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோ சொல்வார்கள்: "படம் கண்ணாடி மாதிரி தெரியுதுப்பா, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல." மகன் சத்தத்தைக் கூட்டுவான். சண்டைக் காட்சி வந்ததும் வீடே அலறும். குறைத்தால் வசனம் போய்விடும். இரவு முழுக்க ரிமோட் கை மாறிக்கொண்டே இருக்கும்.

பாட்டியின் காதைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய குழாய் டிவியின் பெட்டி பெரியது. ஸ்பீக்கரும் நம்மைப் பார்த்தே இருந்தது. இன்றைய மெல்லிய டிவியில் அதற்கு இடமே கிடையாது. சின்ன ஸ்பீக்கர்களைத் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ வைத்துவிடுகிறார்கள். ஒலி எங்கெங்கோ முட்டித் திரும்பி நம்மிடம் வருகிறது. நம் வரவேற்பறையில் தரை முழுக்க டைல்ஸ், சுவர் வெறுஞ்சுவர், தலைக்கு மேல் ஓயாத ஃபேன். தகரக் கூரையில் மழை கொட்டினால் கேட்கவே வேண்டாம்.

பேச்சின் பலம் உயிரெழுத்துகளில் இருக்கிறது, தெளிவு மெய்யெழுத்துகளில் இருக்கிறது. 'பட்டு' என்றாரா, 'பத்து' என்றாரா என்று காது பிரித்தறிவது பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளால். வயது ஏற ஏற முதலில் மங்குவதும் அந்த உயர்ந்த ஒலிகள்தான். அதனால்தான் சத்தம் கூடியும் சொல் புரிவதில்லை.

காசை எடுக்கும் முன் இரண்டு காரியம் செய்து பாருங்கள். டிவியின் ஒலி அமைப்புக்குள் போய், பேச்சைத் தெளிவாக்கும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். அறையில் கனமான திரைச்சீலை தொங்கவிட்டுத் தரைக்கம்பளம் விரியுங்கள். சில வீடுகளுக்கு இதுவே போதும்.

போதாது என்றால் டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார். அட்டைப்பெட்டியில் 2.1, 3.1, 5.1.2 என்று போட்டிருப்பார்கள். முதல் எண், முன்னும் பக்கமும் ஒலிக்கும் தடங்கள். அடுத்த எண், தாழ்ந்த அதிர்வைத் தரும் சப்-ஊஃபர். மூன்றாவது எண் இருந்தால், கூரையை நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்கள். என் கண் முதல் எண்ணில்தான் நிற்கும். அது 3 என்றால் இடம், வலம் போக நடுவில் தனி ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. படங்களில் வசனத்தைப் பெரும்பாலும் அந்த நடுத் தடத்தில்தான் வைக்கிறார்கள். பெரிய சப்-ஊஃபரோடு வரும் 2.1-ஐவிட அடக்கமான 3.1 நம் வீடுகளுக்கு நல்லது என்று தயங்காமல் சொல்வேன். வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். தாழ்ந்த அதிர்வு அந்தச் சுவரைத் தாண்டிப் போகும். அங்கே கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம்.

டால்பி அட்மாஸ் பற்றிக் கடைக்காரர் நிறையப் பேசுவார். 2012-இல் திரையரங்குக்கு வந்த நுட்பம் அது. இந்தியப் படங்களில் அதை முதலில் பயன்படுத்தியது, 'சிவாஜி' படத்துக்கு அதே ஆண்டு வெளியான முப்பரிமாணப் பதிப்பு. அரங்கில் கூரையிலேயே ஸ்பீக்கர் இருக்கும். வீட்டுச் சவுண்ட்பாரோ ஒலியை மேலே அனுப்பிக் கூரையில் பட்டு இறங்க வைக்கிறது. தட்டையான உட்கூரை இல்லாத பழைய வீட்டில் அதற்குத் தரும் காசு வீண்.

வாட்ஸ் கணக்கிலும் மயங்க வேண்டாம். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க, ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி வேண்டும். 100 வாட்ஸுக்கும் 200 வாட்ஸுக்கும் காதில் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான். விளம்பரத்துக்காக ஊதிக் காட்டும் 'பிஎம்பிஓ' வாட்ஸ் என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அந்த எண்ணைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

இணைப்புக்கு வருவோம். டிவியின் பின்னால் உள்ள எச்டிஎம்ஐ துளைகளில் பெரும்பாலும் ஒன்றில் மட்டும் 'ஏஆர்சி' அல்லது 'இ-ஏஆர்சி' என்று எழுதியிருக்கும். சவுண்ட்பாரின் கம்பி அதற்குத்தான் போக வேண்டும். ஆஸ்ட்ரோ பெட்டியை வேறு துளையில் செருகுங்கள். அப்போது டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பாட்டி இன்னொரு ரிமோட் பழக வேண்டியதில்லை. ப்ளூடூத்தில் இணைத்தால் உதடு ஒரு நேரம், குரல் ஒரு நேரம் என்று ஆகிவிடக்கூடும். அது பாட்டுக் கேட்க மட்டும் இருக்கட்டும்.

கடைக்குப் போகும் முன் அளந்துகொள்ளுங்கள். 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 96 சென்டிமீட்டர், 55 அங்குலம் சுமார் 123. டிவி மேசைமேல் நிற்கிறது என்றால் அதன் கால் உயரத்தையும் பாருங்கள். சவுண்ட்பார் உயரமாக இருந்தால் திரையின் அடியையும் ரிமோட் ஒளி விழும் இடத்தையும் மறைத்துவிடும்.

கெப்பாளா பத்தாஸ் போனாலும் பட்டர்வொர்த் போனாலும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் வெடிச் சத்தம் நிறைந்த படத்தைத்தான் போட்டுக் காட்டுவார்கள். உங்கள் கைப்பேசியில் ஒரு தமிழ்ச் செய்தி அறிக்கையை வைத்துக்கொண்டு அதைப் போடச் சொல்லுங்கள். சத்தத்தைக் குறைத்து, பக்கவாட்டில் நின்று கேளுங்கள். பாட்டி தலையாட்டினால் வாங்கலாம்.

ஒலிக்கருவி நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பிறையில் சோனி தொழிற்சாலை ஹெட்போனும் வீட்டு ஒலிச் சாதனங்களும் செய்தது. 2021 ஜனவரியில்தான் அதை மூடி வேலையைச் சிலாங்கூருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். பத்து காவானில் போஸ் நிறுவனம் நடத்திய ஆலையை 2016-இல் பிளெக்ஸ் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட ஆலைகளுக்கு விடியுமுன் பஸ் ஏறிப் போன அக்காமார் நம் தாமான்களில் உண்டு. ஸ்பீக்கரைக் கையால் பூட்டியவர்கள் கிடைத்தால் கேளுங்கள், எங்கே ஒட்டு பலமாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள்.

ப்ளூடூத், வைஃபை உள்ள கருவியில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பழுதான பொருளை மாற்றித் தரக் கடை மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்தது அது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை 50,000 ரிங்கிட் வரை, பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்துவிட வேண்டும்.

(அடுத்த வாரம்: மின்சாரக் கட்டணத்தை ஏற்றும் பழைய குளிர்சாதனப் பெட்டி)