சிரித்தால் என்ன போய்விடும்?

“பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு” என்ற பழமொழியை நம்மில் கேட்காதவர்கள் இல்லை. சின்ன வயதில் இதைச் சொல்லித்தான் நம்மை அடக்கினார்கள். கணவனை இழந்த பின்னர் இந்தப் பழமொழியைச் சொல்லவும் தேவையில்லை, பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் வரும் ஒரு பார்வையே போதுமானதாகி விடுகின்றது.

2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தபோது, எங்கள் குடும்பமும் ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் வந்து சேர்ந்தது. ஒரு இரவு யாரோ ஜெனரேற்றர் பிடித்து, தொலைக்காட்சியும் டெக்கும் வைத்துப் படம் போட்டார்கள். ‘வின்னர்’ என்ற படம், 2003இல் வந்தது. அதில் வடிவேலு கைப்புள்ளயாக வருவார். வாய் நிறைய வீரம் பேசி, அடி வாங்கி, ஒன்றுமே நடக்காதது போல எழுந்து நடப்பார். எங்களைச் சுற்றி எல்லோரும் வீரத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அடி வலிக்கிறது என்று வெளியில் சொல்ல முடியாத ஒரு மனிதனைப் பார்த்து, நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “செத்த வீட்டுக்குள்ள என்னகா சிரிப்பு?” எனக்கு முன்னால் இருந்த அக்கா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய கணவர் காணாமல் போய் நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

அந்தக் கை இன்றும் என் கண்ணுக்குள் நிற்கின்றது. அதனால்தான் சில மாதங்களுக்கு முன்னர், படுவான்கரையில் நான் வேலை செய்யும் கிராமமொன்றின் மாதர் கூட்டத்தில், சேமிப்புக் கணக்குப் பார்த்து முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டேன்: “உங்களுக்குப் பிடித்த பகிடிக் காட்சி எது?”

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை.

தனியே புலம்பும் தருமி

அதிகமானோர் சொன்னது ‘திருவிளையாடல்’ படத்துத் தருமியைத்தான். 1965இல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய படம். பாண்டிய மன்னனின் சந்தேகத்தைத் தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன் என்று அறிவிக்கிறார்கள். வறுமைப்பட்ட புலவன் தருமியாக வரும் நாகேஷ், பரிசு தனக்குக் கிடைக்காதா என்று கோயிலில் தனியே நின்று புலம்புகிறார். இறைவனே எழுதிக் கொடுத்த பாட்டைக் கொண்டுபோயும் சபையில் அவமானப்பட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் தனியே நின்று புலம்புகிறார்.

“அது நான்தான்” என்றார் ஒரு தாய். மகனைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைபவர். “படிவத்தை நிரப்பிக் குடுப்பன். இது பிழை, மறுகா வாங்க என்பாங்க. வரக்குள்ள பஸ்ஸில நானும் அவன் மாதிரித்தான் எனக்குள்ள கதைச்சிக்கிட்டு வருவன்.” எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது பலருடைய கண்களும் நனைந்திருந்தன.

அம்மை வடு விழுந்த முகத்தோடும் மெலிந்த உடம்போடும் சினிமாவுக்கு வந்தவர் நாகேஷ். வறுமையையும் அவமானத்தையும் அறிந்தவர். 2009 ஜனவரியில் அவர் மறைந்தார். தோற்றவனின் முகத்தை அவர் கேலி செய்யவில்லை. அந்த முகத்தை நமக்குக் காட்டினார், நாம் அதில் நம்மைக் கண்டுகொண்டோம்.

அந்தக் கூட்டத்திலிருந்த ஒரு இளம் பெண் இன்னொன்றும் கேட்டாள்: “பெண்ணின் தலைமயிருக்கு இயற்கையாக மணம் இருக்கா என்பதுதானே ராசாவின் சந்தேகம்? அரண்மனைக்குள்ள இருந்த ராணியிட்டக் கேட்டிருந்தா ஆயிரம் பொன்னும் மிச்சம்!” நம்மைப் பற்றி முடிவெடுக்கும் எத்தனை கூட்டங்கள் நம்மிடம் கேட்காமலே நடக்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆச்சி மனோரமா

பெண்களைப் பற்றிப் பேசும்போது மனோரமாவை விட்டுவிட முடியாது. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஜில் ஜில் ரமாமணியாக அவர் பேசுகின்ற அழகையும் ஆடுகின்ற ஆட்டத்தையும் நம் அம்மாமார் இன்றும் நடித்துக் காட்டுவார்கள். சிவாஜி, பத்மினி என்ற இரு பெரும் நடிகர்களுக்கு நடுவிலும் அவரை யாராலும் மறக்க முடியவில்லை.

அவருடைய வாழ்க்கை சிரிப்பாக இருக்கவில்லை. 1937இல் மன்னார்குடியில் பிறந்தவர். தகப்பன் கைவிட்டதால் தாய் பள்ளத்தூருக்கு வந்து, வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். மனோரமா நாடக மேடையில் நடித்துக் குடும்பத்தைத் தாங்கினார். 1958இல் சினிமாவுக்கு வந்தார். கணவர் கைவிட்ட பின்னர் தன் மகனைத் தனியாக நின்று வளர்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார். 2015 ஒக்டோபரில் மறைந்தார்.

இதைச் சொன்னதும் கூட்டம் அமைதியாகி விட்டது. “எங்களைப் போல ஒரு பொம்பிளையா?” என்று கேட்டார் ஒரு அக்கா. ஆம். குடும்பத்தைத் தனியே தாங்கிய ஒரு பெண்தான் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊரையே சிரிக்க வைத்தார்.

அமிர்தகழியிலிருந்து ஒரு நகைச்சுவை

நம் மாமாங்கேஸ்வரர் கோயில் இருக்கும் அமிர்தகழியில் பிறந்தவர் இயக்குநர் பாலு மகேந்திரா என்பது பலருக்குத் தெரியாது. சோகப் படங்களுக்குப் பேர் போன அவர், 1995இல் ‘சதி லீலாவதி’ என்ற முழு நகைச்சுவைப் படத்தையும் எடுத்தார். மனைவி லீலாவதி பருமனாக இருக்கிறாள் என்று கணவன் வேறொருத்தியை நாடிப் போகிறான். நண்பராக வரும் கமல்ஹாசனும் அவருடைய மனைவியாக வரும் கோவை சரளாவும் கோயம்புத்தூர்த் தமிழில் போடும் சண்டை, பார்த்தவர்களுக்கு மறக்காது.

படம் பார்த்த பின் எங்கள் கூட்டத்தில் ஒரு வாக்குவாதமே வந்தது. கடைசியில் மனைவி கணவனை ஏற்றுக்கொள்கிறாள். “இதே பிழையை அவள் செய்திருந்தா அவன் ஏத்திருப்பானா?” என்று ஒருவர் கேட்டார். இதே இயக்குநர் இரண்டு வருடங்களுக்கு முன்னர், 1993இல் எடுத்த ‘மறுபடியும்’ படத்தில் ரேவதி நடித்த மனைவி, திரும்பி வரும் கணவனை ஏற்க மறுக்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், பேசுவதற்கு நிறைய இருக்கும்.

ஒரே வீட்டில் நான்கு பேச்சு

வயதான ஒரு அம்மம்மா வானொலியை நினைவுபடுத்தினார். இலங்கை வானொலியின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று நான்கு பாத்திரங்கள். எஸ்.ராம்தாஸ், ரி.ராஜகோபால், எஸ்.செல்வசேகரன், அப்துல் ஹமீத் ஆகியோர் நடித்தார்கள். முஸ்லிம் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, சிங்களம் கலந்த தமிழ், ஐயர் பேச்சு என்று நான்கும் மோதி எழும் சிரிப்பு அது. “அந்த நேரம் காத்தான்குடியிலிருந்து துணி கொண்டுவாற ராத்தாவும் எங்கட திண்ணையில இருந்து கேட்டுச் சிரிப்பா” என்றார் அம்மம்மா. அதற்குப் பிறகு நடந்தவற்றை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சிரிப்பு நோகச் செய்யும்போது

எல்லாப் பகிடியும் நல்ல பகிடி அல்ல. கறுப்பு நிறம், பருமன், ஊனம், கணவனை அடிக்கும் மனைவி, மனைவிக்கு விழும் அறை என்று நம் சினிமா எத்தனையோ விடயங்களைச் சிரிப்பாக்கி வைத்திருக்கின்றது. போரில் காலை இழந்த ஒரு தங்கை சொன்னாள்: “நொண்டி நொண்டி நடந்து காட்டுற காட்சி வந்தா, வீட்டில எல்லாரும் முதல்ல என்னைத்தான் பாப்பாங்க. மறுகாதான் சிரிப்பாங்க.”

ஆகவே ஒரு காட்சியைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்போம்: இங்கே யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அதிகாரத்தைப் பார்த்தா, அடிபட்டவரைப் பார்த்தா?

சேர்ந்து சிரிப்பதால் உடலுக்கும் பயன் உண்டு. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் ரொபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு வலியைத் தாங்கும் அளவு கூடியிருந்ததைக் கண்டார்கள். ஆனாலும் சிரிப்பு மருந்துக்குப் பதிலாகாது. நித்திரை வராமல், மனம் ஆறாமல் தவிப்பவர்கள் உளவளத் துணையை நாட வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் படம் கொண்டுபோகவில்லை. தேவைப்படவும் இல்லை. நம் கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள், பகிடி சொல்லும் வேடமும் அவர்களுடையதுதான். அன்று அந்தச் சங்கக் கட்டடத்தில் பெண்களே களரி ஏறினார்கள். மகனைத் தேடும் அந்தத் தாய்தான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கதிரையில் சாய்ந்து, ஒரு கடதாசியைத் தலைகீழாகப் பிடித்து வாசித்து, “இது பிழை, மறுகா வாங்க” என்றார். பன்பாயில் இருந்த எல்லோரும் உருண்டு சிரித்தோம்.

வீதியால் போன ஒருவர் எட்டிப் பார்த்தார். ஆனால் அன்று யாரும் வாயைப் பொத்தவில்லை.

தோழிகளே, உங்கள் குழுக்களிலும் இதைச் செய்து பாருங்கள். உங்களுக்குப் பிடித்த பகிடிக் காட்சி எது, அது ஏன் பிடித்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். சிரித்தால் எதுவும் போய்விடாது. போனவற்றைச் சுமந்துகொண்டு நாளைக்கும் நடக்க, அது ஒரு கைப்பிடி பலம் தரும்.