கழிவுநீரில் பாஸ்பரஸ்: ஒரு சட்டம் சாதித்ததும் சாதிக்காததும்

கழிவுநீரைச் சுத்திகரித்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால், பார்வைக்குத் தெளிந்திருக்கும் அந்த நீரிலும் பாஸ்பரஸ் கரைந்திருக்கக்கூடும்.

பயிருக்கு உரமாகும் பாஸ்பரஸ், ஏரியில் பாசிக்கு உரமாகிறது. பாசி பெருகி, மடிந்து, அழுகும்போது நீரில் உயிர்வாயு குறைகிறது, மீன்கள் சாகின்றன. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள ஈரி ஏரி 1960களில் இந்நிலையை அடைந்தது. வீட்டுக் கழிவுநீரும் சலவைத்தூளில் இருந்த பாஸ்பேட்டும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

1972இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஈரி ஏரிப் படுகையில் உள்ள பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் வெளியேற்றும் நீரில், லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கக்கூடாது என்று வரம்பு வகுக்கப்பட்டது.

பாஸ்பரஸை எப்படி நீக்குவது? நைட்ரஜனை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடலாம். பாஸ்பரஸ் அப்படிப் போகாது. இரும்பு அல்லது அலுமினிய உப்பைக் கலந்து, அதைத் திடப்பொருளாக்கிப் படிய வைக்க வேண்டும். அல்லது, அதைத் தம் உடலில் சேர்த்துக்கொள்ளும் நுண்ணுயிர்களை வளர்த்து, கசடோடு அகற்ற வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். சட்டம் வற்புறுத்தியதால்தான் அந்தச் செலவு செய்யப்பட்டது.

பலனும் கிடைத்தது. 1960களின் இறுதியில் ஆண்டுக்கு 20,000 டன்னுக்கும் அதிகமாக ஏரியில் கலந்த பாஸ்பரஸ், 1980களில் 11,000 டன் என்ற இலக்கை ஒட்டிக் குறைந்தது. ஏரியும் தேறியது.

ஆனால், 2014 ஆகஸ்டில் ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் ஏறத்தாழ 4 லட்சம் பேர், குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டனர். ஈரி ஏரியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நச்சு அதில் கலந்திருந்தது. காய்ச்சினாலும் நீங்காத நச்சு அது.

இம்முறை பாஸ்பரஸின் பெரும்பகுதி மௌமி ஆற்றின் வழியே விளைநிலங்களிலிருந்து வந்தது. சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேற்றக் குழாயில் நீரை அளக்கலாம். வரம்பு மீறினால் நடவடிக்கை எடுக்கலாம். ஆயிரக்கணக்கான வயல்களிலிருந்து மழையோடு வழிந்தோடும் உரத்தை எங்கே நின்று அளப்பது? ஏரியின் மேற்குப் பகுதிக்கு வரும் பாஸ்பரஸை 2008ஆம் ஆண்டு அளவிலிருந்து 40 விழுக்காடு குறைக்க இரு நாடுகளும் 2016இல் இலக்கு வகுத்தன. இதில் விவசாயிகளின் ஒத்துழைப்பு இன்றியமையாதது.

எனவே, கழிவுநீருக்கு விதித்த வரம்பு வீண்போகவில்லை. அது தன் வேலையைச் செய்தது. வயல்வெளிக்கும் அதுபோன்ற ஒரு பொறுப்பு வராதவரை, ஏரிநீரைக் குடிப்பவர்கள் ஒவ்வொரு கோடையிலும் அச்சத்தோடுதான் குழாயைத் திறக்க வேண்டியிருக்கும்.