பெரியாற்றைக் கிழக்கே திருப்பியவர்கள்

மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்று நீரை வைகைப் படுகைக்குத் திருப்பிய முல்லைப் பெரியாறு அணையைச் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை 1887 முதல் 1895 வரை கட்டியது. பணியை நடத்தியவர் பொறியாளர் ஜான் பென்னிகுயிக்.

ஆற்றின் நடுவே போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றது. அடர்காட்டில் காய்ச்சல் பலரைப் பலிகொண்டது. இறந்தவர்களின் கல்லறைகள் அணைக்கு அருகிலேயே உள்ளன. சுமந்து உழைத்த கூலியாட்களுக்கும் இந்த அணையில் சம பங்கு உண்டு. சிமெண்ட் இல்லை, கல், சுண்ணாம்பு, சுர்க்கி எனும் செங்கல் பொடி ஆகியவற்றால் அணை எழுந்தது.

மலையைக் குடைந்த சுரங்கம் வழியே நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. பிற்காலத்தில் வெட்டிய பதினெட்டாம் கால்வாய் அதைத் தேவாரம் பக்கத்துக் கண்மாய்களுக்கும் கொண்டுவருகிறது. பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15 அன்று தேனி மாவட்ட விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது.