கலத்தின் ஏவலும் பெப்தைட்டும்

உடலின் கலங்கள் வெளியிலிருந்து வரும் ஏவல்களுக்கு இணங்கியே வளர்கின்றன, பிரிகின்றன, ஓய்கின்றன. அவ்வேவல்களைக் கலத்தினுள்ளே கொண்டு செல்வன புரதங்கள். ஒரு புரதம் மற்றொன்றைப் பற்ற, செய்தி கைமாறிச் செல்கின்றது. பற்றிய பிடி தளராது நின்றுவிடின், கலம் ஓயாது பெருகிப் புற்றுநோய்க்கு இடமாகலாம். ஆகவே, எப்புரதம் எதனைப் பற்றுகின்றது என்பதை அறிதல் இன்றியமையாதது.

புரதம் அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட மாலை. ஆயினும், பல பிடிகளுக்கு அம்மாலையின் சில மணிகளே போதும். அத்தகைய சிறு துண்டே பெப்தைட்டு. அதனை மணிமணியாகக் கோக்கும் எளிய முறையை அமெரிக்க அறிஞர் புரூஸ் மெரிபீல்டு 1963இல் வெளியிட்டார்.

1986இல் கனடாவில் டோனி போசன் குழுவினர் எஸ்.எச்.2 என்னும் புரதப் பகுதியை இனங்கண்டனர். பொசுபேற்று ஏறிய தைரோசின் என்னும் அமினோ அமிலத்தை அது பற்றும் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால், அத்தகைய தைரோசின்கள் பலவிருக்க, ஒவ்வொரு புரதமும் தனக்குரியதைத் தேர்வது எங்ஙனம்?

1993இல் லூயிஸ் கான்ட்லி குழுவினர் இதற்கு விடை கண்டனர். தைரோசினை அடுத்த மூன்று இடங்களிலும் அமினோ அமிலங்களை மாற்றி மாற்றி அமைத்த பெப்தைட்டுகளின் கலவையை எஸ்.எச்.2 பகுதியின்மீது செலுத்தினர். பற்றியவை தங்கின, ஏனையவை கழுவப்பட்டன. தங்கியவற்றை ஆராய்ந்தபோது, ஒவ்வொரு புரதத்தின் விருப்பமும் வேறாயிருந்தது. சார்க் என்னும் புரதம் இரண்டு குளுட்டாமிக் அமிலங்களையும் ஓர் ஐசோலியூசினையும் நாடியது. கிரப்-2 புரதமோ இரண்டாம் இடத்தில் அசுபராசினை நாடியது.

எனினும், சோதனைக் குழாயிற் பற்றுவன யாவும் உயிர்க் கலத்திலும் பற்றும் எனக் கொள்ளலாகாது. பெப்தைட்டு வழியைச் சுட்டும். முடிவைக் கலமே உரைக்கும்.