வலிப்பு நோய் மருந்துச் செலவைக் குறைக்கும் வழிகள்

வலிப்பு நோய் என்பது மூளை நரம்பணுக்களில் அளவுமீறிய மின் தூண்டல் திடீரெனத் தோன்றுவதால் மீண்டும் மீண்டும் வலிப்பு வரும் நிலையாகும். பேச்சு வழக்கில் இது காக்காய் வலிப்பு எனப்படுகிறது. கால் கை வலிப்பு என்பதே அவ்வாறு மருவியது. காக்கைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உள்ளது. அவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்கின்றனர். உரிய சிகிச்சை கிடைத்தால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும்.

அந்தச் சிகிச்சை பெரும்பாலும் மாத்திரைதான். அதை ஆண்டுக்கணக்கில், ஒரு வேளையும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். கையில் பணம் இல்லாத மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. திடீரென நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு ஏற்பட்டு உயிரிழப்பும் நேரலாம். மருந்தின் வேளையைக் குறைக்காமல் அதன் விலையை மட்டும் குறைப்பதற்கு உள்ள வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

செலவு எங்கே கூடுகிறது

ஒரு மருந்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அதன் பொதுப்பெயர், எடுத்துக்காட்டாக லெவடிரசிட்டம். மற்றொன்று நிறுவனம் சூட்டும் வணிகப்பெயர். இந்தியாவில் ஒரே பொதுப்பெயர் மருந்தைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு வணிகப்பெயர்களில், வெவ்வேறு விலைகளில் விற்கின்றன. உள்ளே இருக்கும் மூலப்பொருளும் அதன் அளவும் ஒன்றாகவே இருக்கலாம்.

ஒரு கணக்கு: நாளொன்றுக்கு இரண்டு மாத்திரை உட்கொள்பவருக்கு மாதத்துக்கு 60 மாத்திரை தேவை. மாத்திரை ஒன்று 15 ரூபாய் என வைத்துக்கொண்டால் மாதச் செலவு 900 ரூபாய். அதே மருந்து 5 ரூபாய்க்குக் கிடைத்தால் 300 ரூபாய். ஆண்டுக்கு மிச்சம் 7,200 ரூபாய்.

மருந்துக் கடைக்காரரே மலிவான தயாரிப்பை மாற்றிக் கொடுக்க முடியாதா என்ற கேள்வி எழலாம். வலிப்பு மருந்துகள் மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டியவை. சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறு தயாரிப்பைக் கடைக்காரர் தாமாகக் கொடுப்பதை 1945ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகள் அனுமதிப்பதில்லை. மருத்துவர்கள் பொதுப்பெயரில்தான் எழுத வேண்டும் என 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிமுறையும் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. எனவே, பொதுப்பெயரில் எழுதித் தருமாறு மருத்துவரிடம் நோயாளியே கேட்க வேண்டியுள்ளது. செலவுக் குறைப்பின் முதல் படி இதுதான்.

விலைக் கட்டுப்பாடு

தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 1997இல் தொடங்கப்பட்டது. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்படுகிறது. 2022 பட்டியலில் பெனோபார்பிடோன், பெனிடாயின், கார்பமசிபைன், சோடியம் வல்புரோயேட், லெவடிரசிட்டம், குளோபசாம் ஆகிய வலிப்பு மருந்துகள் இடம்பெற்றுள்ளன. பட்டியலில் குறிப்பிட்ட அளவு மாத்திரைகளுக்கே உச்ச விலை பொருந்தும். பட்டியலில் இல்லாத மருந்துகளுக்குப் பொதுவாக உச்ச விலை கிடையாது. அதிகபட்ச சில்லறை விலையை ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்ற வரம்பு மட்டுமே உண்டு.

காப்புரிமையும் விலையைத் தீர்மானிக்கிறது. பெல்ஜிய நிறுவனமான யு.சி.பி.யின் பிரிவாரசிட்டம் மருந்துக்கான இந்தியக் காப்புரிமை 2021 பிப்ரவரியில் முடிந்தது. உடனே பல இந்திய நிறுவனங்கள் அதைக் குறைந்த விலையில் வெளியிட்டன. சில ஆண்டுகளுக்கு முன் விலை கேட்டு விட்டுவிட்ட மருந்தின் இன்றைய விலையை மீண்டும் விசாரிப்பது நல்லது. ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் மருந்து விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான மருந்துகளுக்கான சரக்கு, சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது.

மலிவாகவும் இலவசமாகவும் கிடைக்கும் இடங்கள்

அரசு மருத்துவமனைகள்: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் நிறுவப்பட்டது. மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. நோயாளிக்கு இவை இலவசம். பழைய மருந்துகள் எளிதில் கிடைக்கும். புதியவற்றின் இருப்பு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும்.

தொழிலாளர் அரசுக் காப்பீடு: மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளர்களுக்கு உரியது. தொழிலாளி 0.75 விழுக்காடும் நிறுவனம் 3.25 விழுக்காடும் செலுத்துகின்றன. தொழிலாளியுடன் அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் மருந்து கிடைக்கும்.

மக்கள் மருந்தகம்: ஒன்றிய அரசின் திட்டம். 2008இல் தொடங்கியது. பொதுப்பெயர் மருந்துகளை விற்கிறது. மருந்தின் ஒவ்வொரு தொகுதியும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் சோதிக்கப்படுகிறது. அருகிலுள்ள கடையையும் விலையையும் 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் அறியலாம்.

முதல்வர் மருந்தகம்: தமிழ்நாடு அரசின் திட்டம். 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 கடைகளுடன் தொடங்கப்பட்டது. இங்கும் பொதுப்பெயர் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. மாதாந்திர மாத்திரைச் செலவுக்கு அதை நம்பியிருக்க இயலாது.

ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில்

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி உள்ளது ஆர்.கே.பேட்டை. நெசவும் வேளாண்மையும் இங்கு முதன்மைத் தொழில்கள். அதே மாவட்டத்தின் வடகிழக்கில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மாதச் சம்பளத் தொழிலாளர்கள் மிகுதி. இந்த வேறுபாடு மருந்துச் செலவிலும் தெரிகிறது. ஆலைத் தொழிலாளியின் குழந்தைக்கு வலிப்பு இருந்தால் ஈ.எஸ்.ஐ. அட்டை கைகொடுக்கும். வீட்டிலேயே தறி ஓட்டிக் கூலி வாங்கும் நெசவாளிக்குப் பொதுவாக அந்த அட்டை இராது. அரசு மருத்துவமனையும் மலிவு விலை மருந்தகங்களுமே அவருக்குத் துணை. ஒரே குடும்பத்தில் ஒருவர் நெசவிலும் மற்றொருவர் ஆலையிலும் இருந்தால், ஆலையில் இருப்பவரைச் சார்ந்தவராகப் பதிவு செய்யத் தகுதி உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பயணமும் ஒரு செலவே. மாத்திரைக்காக மாதந்தோறும் தொலைவு சென்றால் பேருந்துக் கட்டணத்துடன் ஒரு நாள் கூலியும் போகும். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ நரம்பியல் மருத்துவரிடம் நோயை உறுதிசெய்துகொண்டு, அந்தச் சீட்டைக் காட்டி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ திருத்தணி அரசு மருத்துவமனையிலோ மருந்தைத் தொடர்ந்து பெற முடியுமா எனக் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய மருந்தா, புதிய மருந்தா

பெனோபார்பிடோன் 1912 முதலும் பெனிடாயின் 1938 முதலும் வலிப்புக்குப் பயன்படுகின்றன. இரண்டும் மிக மலிவானவை. கர்நாடகத்தின் எளந்தூர் பகுதிக் கிராமங்களில் மருத்துவர் கே.எஸ்.மணி குழுவினர் இவ்விரு மருந்துகளைக் கொண்டே சிகிச்சை அளித்தனர். 2001இல் 'லான்செட்' இதழில் வெளியான அந்த ஆய்வு, மலிவான மருந்துகளைக் கொண்டே கிராமப்புறத்தில் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் எனக் காட்டியது.

ஆயினும் மலிவானது எல்லாருக்கும் பொருந்தாது. பெனோபார்பிடோன் மந்தநிலையை உண்டாக்கலாம். பெனிடாயின் ஈறு வீக்கத்தை உண்டாக்கலாம். சோடியம் வல்புரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு விளைவிக்கக்கூடியது. ஆகவே கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கு வேறு மருந்தையே மருத்துவர்கள் நாடுவர். பழைய மருந்துக்கு மாறுவது குறித்து மருத்துவரே முடிவெடுக்க வேண்டும்.

மருந்துகளின் எண்ணிக்கையையும் கேட்டறிய வேண்டும். கிளாஸ்கோவில் நடந்து 2000இல் வெளியான ஆய்வில், புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்களில் 47 விழுக்காட்டினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டு மூன்று மருந்துகள் உட்கொள்பவர், அவை அனைத்தும் இன்னும் தேவையா என மருத்துவரிடம் கேட்கலாம்.

கவனிக்க வேண்டியவை

* வணிகப்பெயரை மாற்றுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். பெனிடாயின், கார்பமசிபைன் போன்றவற்றில் இரத்தத்தில் மருந்தளவு சிறிது மாறினாலும் வலிப்போ பக்கவிளைவோ வரலாம்.
* மாறிய பின், ஒவ்வொரு மாதமும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பையே வாங்குவது நல்லது.
* பெயருடன் சி.ஆர்., இ.ஆர். என இருந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை. அதற்குப் பதிலாகச் சாதாரண மாத்திரையை வாங்கக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் உடைக்கவும் கூடாது.
* இரண்டு 250 மில்லிகிராம் மாத்திரைக்குப் பதில் ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை மலிவாக இருக்கலாம். மருத்துவர் ஒப்புதலுடன் மாற்றலாம்.
* ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். தீர்ந்த பின் தேடினால், கிடைத்த விலைக்கு வாங்க நேரும்.
* வலிப்பு வரும்போது கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை. மந்திரிப்பது மருந்துக்கு மாற்றாகாது.

மருந்தை நிறுத்துதல்

சிலருக்கு மருந்து வாழ்நாள் முழுவதும் தேவைப்படாது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பே வராதவர்களுக்கு, நோயின் வகையையும் பரிசோதனைகளையும் பார்த்து, மருத்துவர்கள் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதுண்டு. அந்த நிலையை அடைய, இடைப்பட்ட காலத்தில் மருந்து தவறாமல் இருக்க வேண்டும். ஒரு வேளை மாத்திரையை மிச்சப்படுத்தப் போய் வலிப்பு மீண்டும் வந்தால், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மருத்துவமனைச் செலவும் சேரும்.