12 லட்சம்னு ஆரம்பிச்ச ரினோவேஷன் 19 லட்சத்தில் நின்றால்... ஆர்க்கிடெக்ட்டிடம் என்ன கேட்கலாம்? எங்கே புகார் கொடுக்கலாம்?

மதுரை கோ.புதூரிலோ, வில்லாபுரத்திலோ 30 வருஷத்துக்கு முன்னால் கட்டிய ஒரு வீடு. மாடியில் ஒழுகல், சமையலறை சின்னது, பையனுக்குக் கல்யாணம் வேறு நெருங்குகிறது. 'இடிச்சுக் கட்ட வேண்டாம், ரினோவேஷன் பண்ணிடலாம்' என்று ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் வேலையை ஒப்படைக்கிறார்கள். எஸ்டிமேட் 12 லட்சம் ரூபாய். வேலை முடியும்போது செலவு 19 லட்சம். கூடவே ஆர்க்கிடெக்ட்டின் ஃபீஸும் ஏறியிருக்கிறது. 'செலவை ஏத்தி விட்டதும் அவர்தான், அதுக்கு ஃபீஸும் அதிகம் கேட்கிறார்' என்று வீட்டுக்காரர் கொதிக்கிறார். 'நீங்க கேட்டதைத்தானே போட்டேன்' என்கிறார் ஆர்க்கிடெக்ட்.

இது ஒரு உதாரணம்தான். ஆனால் பழைய வீட்டில் கை வைத்த பலருக்கும் இந்தச் சண்டை புதுசு இல்லை. இதில் சட்டம் யார் பக்கம்? ஏறிய செலவுக்கு யார் பொறுப்பு? பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அவர் உண்மையிலேயே ஆர்க்கிடெக்ட் தானா?

புகார் எங்கே போகும் என்பதே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 1972-ம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, டெல்லியில் உள்ள 'கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்' அமைப்பில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவு எண் 'சி.ஏ.' என்ற எழுத்துகளோடு தொடங்கும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும்.

அப்படியென்றால் சிவில் இன்ஜினியர் வீட்டுக்கு பிளான் போடக் கூடாதா? போடலாம். 2020 மார்ச் 17-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைப் பயன்படுத்தத்தான் தடை. கட்டடத்தை வடிவமைப்பது, மேற்பார்வை செய்வது போன்ற வேலைகளை மற்றவர்கள் செய்ய அந்தச் சட்டம் தடை போடவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் என்றால் அவர் மீது கவுன்சிலில் புகார் செய்யலாம். இன்ஜினியரோ, கான்ட்ராக்டரோ என்றால் அந்த வழி கிடையாது. நுகர்வோர் ஆணையமும் சிவில் நீதிமன்றமும் எல்லோருக்கும் பொது.

ஃபீஸ் எப்படி ஏறுது?

பெரும்பாலும் ஃபீஸ் என்பது மொத்தக் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்றே பேசப்படுகிறது. பிரச்னையின் வேரே இங்கேதான்.

உதாரணத்துக்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சம் எஸ்டிமேட்டுக்கு ஃபீஸ் 96,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,13,280 ரூபாய். செலவு 19 லட்சம் ஆனால் ஃபீஸ் 1,52,000 ரூபாய். ஜி.எஸ்.டி.யோடு 1,79,360 ரூபாய். அதாவது 66,080 ரூபாய் கூடுதல். செலவு ஏறினால் ஃபீஸும் தானாக ஏறும் என்ற இந்தக் கணக்குதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

இதைத் தவிர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மொத்தமாக ஒரே தொகை பேசிவிடுவது. இன்னொன்று, 'முதலில் ஒப்புக்கொண்ட எஸ்டிமேட் மீதுதான் சதவீதம். எழுத்தில் சம்மதித்த கூடுதல் வேலைக்கு மட்டும் கூடுதல் ஃபீஸ்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது.

இதில் கவனிக்க வேண்டியவை:

• ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வருமானம் உள்ளவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. வசூலிக்கவும் முடியாது. கேட்டால் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் வாங்குங்கள்.

• மாநகராட்சிக்கோ, ஊராட்சிக்கோ கட்டும் பிளான் அப்ரூவல் கட்டணம் ஆர்க்கிடெக்ட் ஃபீஸில் சேராது. அதற்கு வீட்டு உரிமையாளர் பெயரில் தனி ரசீது இருக்க வேண்டும்.

• 'சைட்டுக்கே வரலை' என்பது அடிக்கடி வரும் புகார். பொதுவாக ஆர்க்கிடெக்ட் அவ்வப்போது வந்து பார்ப்பார். தினமும் நின்று பார்ப்பது தனி வேலை, அதற்குத் தனிச் சம்பளம். மாதத்துக்கு எத்தனை முறை வருவார் என்பதை முன்பே எழுதிவிட்டால் சண்டை இல்லை.

பட்ஜெட் ஏன் எகிறுது?

புது வீட்டில் அஸ்திவாரத்திலிருந்து எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ரினோவேஷனில் உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும்.

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகள் சிலவற்றில் மர உத்தரம் போட்டு, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும். மேல்தளத்தைக் கொத்திய பிறகுதான் உத்தரத்தைக் கரையான் அரித்திருப்பது தெரியவரும். கான்கிரீட் வீடு என்றால் ஒழுகிய இடத்தில் கம்பி துருப்பிடித்து, சிமென்ட் பெயர்ந்து நிற்கும். 'பூச்சு வேலை' என்று எஸ்டிமேட்டில் இருந்தது, கூரையையே மாற்றும் வேலையாக மாறிவிடும்.

திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். விரிசல் விட்ட சுவரைப் பூசி மட்டும் விட்டால் அடுத்த மழைக்கே மறுபடியும் விரியும். மண் பரிசோதனை செய்யாமல் போட்ட எஸ்டிமேட் அங்கே நிற்காது.

கோயில் பக்கம் வேறு மாதிரி சிக்கல். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கி.மீ. எல்லைக்குள் கட்டடங்களுக்கு 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு நீண்ட காலமாக இருக்கிறது. இதைப் பார்க்காமல் கூடுதல் மாடிக்கு பிளான் போட்டு, ஃபீஸும் வாங்கிவிட்டால் அந்த வரைபடம் வெறும் காகிதம்தான். விதியைச் சரிபார்ப்பது பிளான் போடுபவரின் வேலை. இங்கே வீட்டுக்காரரின் புகாருக்கு வலு அதிகம்.

இன்னொரு காரணத்தையும் மறைக்க முடியாது. வேலை நடக்கும்போதே டைல்ஸை மாற்றுவது, மாடுலர் கிச்சன் சேர்ப்பது, 'கூடவே ஒரு பாத்ரூம் போட்டுடுங்க' என்பது. ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும். கூட்டினால் லட்சத்தில் வந்து நிற்கும்.

எஸ்டிமேட்டைத் தாண்டினால் ஆர்க்கிடெக்ட் பொறுப்பா?

தானாகவே பொறுப்பாகிவிட மாட்டார். எஸ்டிமேட் என்பது ஒரு கணிப்பு, உத்தரவாதம் இல்லை. 'இதற்கு மேல் போகாது' என்று எழுத்தில் கொடுத்திருந்தால் கதை வேறு. செலவு ஏறப் போவது தெரிந்தும் முன்கூட்டியே சொல்லவில்லை, அனுமதி கேட்காமல் விலை கூடிய பொருளைப் போட்டார், அளவில் தப்பு செய்தார் என்றால் அதைச் சேவைக் குறைபாடு என்று வாதிட முடியும்.

கடைசியில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். கூடுதல் செலவுக்கு யார், எப்போது 'சரி' சொன்னார்கள்?

உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு வழக்கு இதற்குச் சாட்சி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மருத்துவர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த்துக்காக, புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோ ஒரு கண்ணாடி வீடு கட்டினார். 1951-ல் வேலை முடிந்தது. ஒப்புக்கொண்ட பட்ஜெட் 58,400 டாலர். செலவு அதைவிட 15,600 டாலர் கூடியது. மீஸ் பாக்கி கேட்டு வழக்குப் போட்டார். ஃபார்ன்ஸ்வொர்த் எதிர் வழக்குப் போட்டார். பிளானுக்கும் கூடுதல் செலவுக்கும் அவர் சம்மதம் கொடுத்திருந்தார் என்பதை மீஸ் தரப்பு நிரூபித்தது. பாக்கியை வீட்டுக்காரர்தான் தர வேண்டும் என்று முடிவானது. அந்த வீடு இன்று அருங்காட்சியகம். இரண்டு பேரின் நட்பு மட்டும் திரும்பவே இல்லை.

கடைக்காரரிடம் கமிஷன் வாங்கினால்?

'டைல்ஸ் இந்தக் கடையில்தான் எடுக்கணும்' என்று வற்புறுத்தினால் சந்தேகம் வருவது இயல்பு. 1989-ம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்டுகளுக்கான தொழில் நடத்தை விதிகள், வேலை பிடித்துத் தருவதற்காகக் கமிஷனோ, பரிசோ கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கின்றன. பணி நிபந்தனைகளையும் கட்டணத்தையும் வாடிக்கையாளரிடம் தெரிவித்து, அதன் அடிப்படையில்தான் வேலையை ஏற்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அதாவது 'ஃபீஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்' என்பது கேட்க நல்லா இருக்கும். ஆனால் முறை அது இல்லை.

பாதியில் பிரிந்தால் யாருக்கு எவ்வளவு?

வேலை பிடிக்கவில்லை என்றால் ஆர்க்கிடெக்ட்டை மாற்றலாம். ஆனால் அதுவரை செய்த வேலைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டாலும், இலவசமாகச் செய்யாத ஒரு வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு. நாளும் கெடுவும் பேசாத நிலையில், வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் ஆர்க்கிடெக்ட் சிவில் வழக்குப் போடலாம்.

வரைபடத்தின் காப்புரிமை, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், வரைந்தவருக்கே சொந்தம். அதனால் பழைய ஆர்க்கிடெக்ட்டின் பிளானை வேறொருவரிடம் கொடுத்து வேலையைத் தொடர்வதற்கு முன் கணக்கை முடித்து, எழுத்தில் ஒப்புதல் வாங்குவது நல்லது. புதிதாக வரும் ஆர்க்கிடெக்ட்டும் முந்தையவரின் ஒப்பந்தம் முடிந்ததற்கு ஆதாரம் பார்த்து, அவருக்கு எழுத்தில் தகவல் சொன்ன பிறகே வேலையை ஏற்க வேண்டும்.

சரி, புகார் எங்கே கொடுப்பது?

1. முதலில் நோட்டீஸ்: என்ன குறை, எவ்வளவு தொகை, எத்தனை நாளில் பதில் வேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பல தகராறுகள் இந்த இடத்திலேயே பேசி முடிவதுண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சமரசத்துக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம். இலவச சட்ட உதவி எண் 15100.

2. நுகர்வோர் ஆணையம்: வீடு கட்டித் தருவது ஒரு 'சேவை' என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. இப்போதைய 2019-ம் ஆண்டு சட்டத்திலும் அது இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யலாம். தொகை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய், 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்னை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஆர்க்கிடெக்ட் சென்னையிலோ, கொச்சியிலோ இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். தீர்ப்பு திருப்தி இல்லை என்றால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தின் மதுரை அமர்வில் மேல்முறையீடு.

ஒப்பந்தத்தில் 'தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும்' என்று இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஒரு நிபந்தனை: கடை, வணிக வளாகம் போன்ற வணிக நோக்க வேலைக்கு இந்த வழி பொதுவாகக் கிடைக்காது. பிழைப்புக்காக நடத்தும் சிறு சுயதொழிலுக்கு மட்டும் விலக்கு.

3. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்: கமிஷன், ஏமாற்று, தொழில் ஒழுங்கு மீறல் என்றால் இங்கே. குற்றம் உறுதியானால் தொழில் செய்ய இடைக்காலத் தடை விதிக்கலாம், பதிவிலிருந்து பெயரையே நீக்கலாம். ஆனால் பணத்தைத் திரும்ப வாங்கித் தரும் இடம் இது இல்லை. அதற்கு ஆணையம் அல்லது சிவில் நீதிமன்றம்தான்.

எதை ஆதாரமாக வைத்திருக்க வேண்டும்?

ஒப்பந்தம், எஸ்டிமேட், தேதி போட்ட வரைபடங்கள், பில்கள், வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் பேச்சு. 'அந்த கிரானைட்டே போட்டுடுங்க' என்று அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட வழக்கின் போக்கை மாற்றலாம், யாருக்குச் சாதகமாகவும். போன் மாற்றும்போது சாட்டை பேக்கப் எடுக்க மறக்காதீர்கள். குறையுள்ள வேலையைச் சரிசெய்யும் முன் போட்டோ, வீடியோ எடுத்து, வேறொரு இன்ஜினியரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள். இடித்துவிட்டுப் புகார் கொடுத்தால் நிரூபிப்பது கஷ்டம்.

வேலை தொடங்கும் முன் 5 விஷயம்

• ஃபீஸ் எவ்வளவு, எதன் மீது சதவீதம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம்.

• 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று மட்டும் நிற்காமல், ஒவ்வொரு வேலைக்கும் அளவு, விலை, பொருளின் பிராண்ட் போட்ட பட்டியல்.

• கூரை, சுவர், பைப் லைனை இரண்டு மூன்று இடத்தில் திறந்து பார்த்த பிறகே இறுதி எஸ்டிமேட்.

• எதிர்பாராத செலவுக்கு 10 முதல் 15 சதவீதம் தனியாக ஒதுக்கீடு. அதைத் தொடவும் வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும்.

• எந்த மாற்றம் என்றாலும் வேலை தொடங்கும் முன்பே 'இதற்கு இவ்வளவு கூடும், சம்மதமா?' என்று கேள்வியும் பதிலும் எழுத்தில்.

கடைசி விஷயம்தான் முக்கியம். 12 லட்சம் ஒரே நாளில் 19 லட்சம் ஆவதில்லை. இருபது, முப்பது 'சரி'களில்தான் ஆகிறது. ஒவ்வொரு 'சரி'க்கும் பக்கத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால், வீட்டுக்காரரும் ஏமாற மாட்டார், நேர்மையான ஆர்க்கிடெக்ட்டும் பழி சுமக்க மாட்டார்.