பெட்டியில் வந்த வண்டி

வடசென்னையின் எண்ணூரில் முதலில் யாரும் கார் செய்யவில்லை, பூட்டினார்கள். ரகுநந்தன் சரண் 1948-ல் தன் மகன் அசோக்கின் பெயரை வைத்துத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மறுவருடம் செப்டம்பரில் ஆஸ்டின் ஏ40 கார்களை எண்ணூர் ஆலையில் கோக்க ஆரம்பித்தது. எல்லாம் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் கப்பலேறி வந்த உதிரிகள். லேலண்டோடு ஒப்பந்தம், லாரி, 1955-ல் அசோக் லேலண்ட் என்ற பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதே கடற்கரைச் சாலையில் கொஞ்சம் தெற்கே, திருவொற்றியூரிலும் இதே கதை. ராணுவத்துக்குப் புல்லட் மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று அரசு கேட்க, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவை உண்டாக்கின. முதல் வண்டிகள் உதிரிகளாகத்தான் வந்தன. 1956 முடிவதற்குள் திருவொற்றியூரில் பூட்டி முடித்தவை 163. பதினான்கு ஆண்டுகளில் இங்கிலாந்துக் கம்பெனி மூடிக்கொண்டது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகப் போனது. படியெடுத்தவன் வீட்டுக்கு மூலம் குடிவந்துவிட்டது.

ஸ்கேல் மாடல் கட்டுகிற பிள்ளைகளைப் பார்த்து, “இந்த வயசுல பொம்மை கார் எதுக்குப்பா?” என்று கேட்கிற பெரியவர்கள் ராயபுரத்திலும் உண்டு, தண்டையார்பேட்டையிலும் உண்டு. அவர்களில் சிலர் அந்த ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களாகவும் இருக்கக்கூடும். பெட்டியைப் பிரித்து, படத்தைப் பார்த்து, ஒன்றோடு ஒன்றைப் பொருத்தித்தான் இந்தப் பகுதியே வாகனத் தொழிலைக் கற்றது. மேசை மேல் கட்டுகிறவன் செய்வதும் அதுவே. அளவுதான் வேறு.

எண்ணூரில் முதல் ஆஸ்டின் இறங்கிய அதே 1949-ல் லிவர்பூலில் டிங்கி கம்பெனி அந்தக் காரின் கையடக்கப் பொம்மையை விற்பனைக்கு விட்டது. அதே வருடம் வேல்ஸ் நாட்டின் பார்கோட் என்ற ஊரில் ஆஸ்டின் கம்பெனியே ஒரு சின்னத் தொழிற்சாலை திறந்தது. ஏ40-ன் முகச்சாயலில் ஜே40 என்ற பெடல் கார், பெரிய காருக்கு வெட்டியதில் மிஞ்சிய தகட்டில் செய்தது. செய்தவர்கள், நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து சுரங்க வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பப்பட்ட தொழிலாளர்கள். நிலக்கரித் தூசி என்றால் என்ன என்று ராயபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2011-ல் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. நின்ற கரி எண்ணூருக்குப் போனது. அங்கிருப்பவர்களுக்கும் நுரையீரல் உண்டு என்பது யாருக்கோ மறந்துபோனது.

மேசை மேல் கட்டுகிற கார் மாடல்களில் உலகம் முழுக்க அதிகம் பேர் விரும்பிக் கட்டுபவற்றில் ஒன்று அமெரிக்க ‘மஸில் கார்’. நடுத்தர உடம்பில் பெரிய காரின் எட்டு சிலிண்டர் இன்ஜினைத் திணித்த வண்டி. 1964 மாடலாக வந்த போன்டியாக் ஜிடிஓ-வில்தான் இந்த அலை எழுந்தது என்பார்கள்: 6.4 லிட்டர் இன்ஜின், 325 குதிரைத் திறன். எண்ணூரில் பூட்டிய ஆஸ்டினுக்கு 1.2 லிட்டர், வெறும் 40 குதிரை. 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. தொடர்ந்து காமரோ, சார்ஜர், ரோட் ரன்னர். காப்பீட்டுக் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, 1973-ன் எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து பத்தே வருடத்தில் கதையை முடித்துவிட்டன. ரோட்டில் இறந்த வண்டிகள் பிளாஸ்டிக்கில் பிழைத்துக்கொண்டன.

பிழைக்க வைத்ததில் ஏ.எம்.டி. என்ற டெட்ராய்ட் வட்டாரக் கம்பெனிக்குப் பெரிய பங்கு. அதுவும் 1948-ல் பிறந்ததுதான், நம் அசோக் மோட்டார்ஸ் மாதிரி. ஷோரூம்களில் வைப்பதற்காக ஃபோர்டு காரை அலுமினியத்தில் வார்த்து, ஃபோர்டின் அசல் பெயிண்டையே அடித்துக் கொடுத்தார்கள். பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1958-லிருந்து ஒரே பெட்டிக்குள் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட் வந்தது: கம்பெனியில் இருந்து வந்தபடி, சொந்த ரசனைக்கு மாற்றியபடி, பந்தயத்துக்கு இறக்கியபடி. விலை குறைவு. பள்ளிப் பையன் கைச்செலவுக் காசில் வாங்கலாம். இன்றைக்கு அதே கிட் இங்கே வந்து சேரும்போது சுங்க வரியும் அனுப்பு கூலியும் சேர்ந்து, கைச்செலவுக் காசு என்ற பேச்சே எடுக்க முடியாது.

இந்தக் கார்களுக்கு வழக்கமான அளவு 1:24 அல்லது 1:25. இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தால்தான் இதில் உள்ள வேலை புரியும். முதல் மஸ்டாங்கின் நீளம் 4.6 மீட்டர், 1:25-ல் பதினெட்டரை சென்டிமீட்டர். ஆனால் எடை நீளம் மாதிரிக் குறையாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் இருபத்தைந்தில் ஒரு பங்கானால் எடை 15,625-ல் ஒரு பங்காகும். ஒன்றரை டன் கார் 96 கிராம். பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அந்தக் கணக்கு தானாகவே பொருந்திவிடுகிறது.

பொருந்தாதது பெயிண்ட். நிஜக் காரின் மேல் பெயிண்ட் மொத்தமாக ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். மாடலில் அது 0.004 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். எந்த ஸ்ப்ரே கன்னாலும் அவ்வளவு மெல்லிசாக அடிக்க முடியாது. பிரைமர், கலர், கிளியர் என்று நாம் அடிப்பதும் 0.1-தான், அதாவது நிஜக் காரின் மேல் இரண்டரை மில்லிமீட்டர் பெயிண்ட்டை அப்பியதற்குச் சமம். கதவு இடுக்குகள் அடைபட்டுப்போகும், எழுத்துகள் மழுங்கும், கார் பொம்மையாகும். நிஜக் காரில் கதவு இடுக்கு நாலு மில்லிமீட்டர் என்றால் மாடலில் அது 0.16. ஏறக்குறைய இரண்டு தலைமுடி அகலம்தான். தேர்ந்தவர்கள் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே அந்தக் கோடுகளைக் கூர்முனையால் ஆழப்படுத்திக்கொள்வது இதற்குத்தான்.

இதில் ராயபுரத்துக்கே உரிய ஒரு தலைவலி, கடல். மாடல்காரர்களிலும் டிங்கரிங் பட்டறைக்காரர்களிலும் பலர் அடிப்பது லாக்கர் வகை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் மிதமிஞ்சி இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனி படிந்து, கறுப்புப் பெயிண்ட் மேல் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துவிடும். காசிமேட்டுக் காற்றில் காலை ஏழு மணிக்கு கறுப்பு சார்ஜர் அடிக்கிறவன் அதை மறுபடி வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கத்தான் போகிறான். மெதுவாகக் காயும் தின்னரைக் கலப்பது, வெயில் ஏறி ஈரம் இறங்கிய நடுப்பகலில் அடிப்பது, மழைக்காலத்தில் பேசாமல் இன்ஜின் வேலை பார்ப்பது என்று பட்டறைகளில் சொல்லும் யோசனைகள் மேசை மாடலுக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்தும். தூசி இன்னொரு பக்கம். வெளிநாட்டு மாடல்காரர்கள் வண்டியை அழுக்காக்குவதற்கென்றே காசு கொடுத்துச் சாயத் தூள் பாட்டில் வாங்குகிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் குடியிருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

இன்ஜின்தான் இந்தக் கலையின் கருவறை. பெட்டிக்குள் வருவது மொட்டை இன்ஜின். வயர் இருக்காது, ரப்பர் குழாய் இருக்காது. ஸ்பார்க் பிளக் வயர் நிஜத்தில் ஏழு மில்லிமீட்டர் தடிமன், இங்கே 0.28. காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களுக்கு விற்கும் நைலான் நரம்பில் அந்தத் தடிமன் கிடைக்கும். எட்டு சிலிண்டருக்கு எட்டு வயர். அவற்றை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கண்டபடி இழுத்துச் செருகினால் அறியாதவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் கண்ணுக்கு அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாது. செவர்லே சின்ன வி8-ல் பொறி விழும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஃபோர்டு 289-ல் 1-5-4-2-6-3-7-8. சிலிண்டருக்கு நம்பர் போடும் முறையே இரண்டு கம்பெனிக்கும் வேறு: செவர்லேயில் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை, ஃபோர்டில் ஒரு பக்கம் ஒன்று முதல் நாலு, மறுபக்கம் ஐந்து முதல் எட்டு. இன்ஜினின் நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செவர்லே ஆரஞ்சு, அறுபதுகளின் பின்பாதி ஃபோர்டு நீலம்.

இங்கேதான் மாடல்காரர்களுக்குள் ஒரு பழைய சண்டை. கண்ணாடி மாதிரி பளபளவென்று, அடிப்பாகம்கூடத் துடைத்துவைத்த வெண்கலம் போல இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. கார் கம்பெனியில் இருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி.

அறுபதுகளின் அமெரிக்க ஆலைகளில் கார் வரிசை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. செவர்லே இன்ஜினைத் தனித்தனி உதிரியாக அழகு பார்த்துப் பெயிண்ட் அடிக்கவில்லை. பூட்டிய பிறகு மொத்தமாக ஆரஞ்சு அடித்தார்கள். பக்கத்தில் இருந்த எக்ஸாஸ்ட் இரும்பின் மேலும் கொஞ்சம் தெறித்தது. வண்டி ஓடிய முதல் நாள்களிலேயே அது பொரிந்து உதிர்ந்தது. பல மஸ்டாங்குகளின் அடிப்பாகத்தில் செங்காவி பிரைமர் தெரியும். ஓரத்தில், பக்கவாட்டுக்கு அடித்த கலர் நழுவிவந்து மேகம் போலப் படிந்திருக்கும். போல்ட்டை முறுக்கியாயிற்று என்று சோதனைக்காரர் இழுத்த சாக்குக் கோடும் பெயிண்ட் புள்ளியும் சட்டத்தின் மேல் அப்படியே இருக்கும். பழைய கார்களைச் சீரமைக்கிற அமெரிக்கர்கள் இன்று அந்தச் சாக்குக் கோட்டைப் புகைப்படம் பார்த்து மறுபடி போடுகிறார்கள். மாடலில் அதே கோடு கால் மில்லிமீட்டர்கூட வராது. போட்டால், அந்தக் கார் கடையில் வாங்கிய பொருள் என்பது மறைந்து, யாரோ ஷிஃப்டில் நின்று பூட்டிய வண்டி என்பது தெரிய ஆரம்பிக்கும்.

1968-ன் ‘புல்லிட்’ படத்தில் சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் பறந்த பச்சை மஸ்டாங் 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலத்துக்கு வந்தது. துரு, நசுங்கல், உரிந்த பெயிண்ட் எதையும் சரிசெய்யாமல் அப்படியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏலத் தொகை 34 லட்சம் டாலர். மேலே பாலிஷ் போட்டிருந்தால் அதில் பாதிகூடத் தேறியிருக்குமா என்பது என் சந்தேகம்.

திருவொற்றியூருக்கு வருவோம். புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் ஓடும் அந்தப் பொன்னிறக் கோட்டை இங்கே காலம் காலமாகக் கையால்தான் இழுத்தார்கள். ஸ்டென்சில் இல்லை, டேப் இல்லை. நீள மயிர்த் தூரிகை, மூச்சடக்கம், ஒரே இழுப்பு. ஒரு குடும்பத்திலேயே வழிவழியாக இந்தக் கை வந்தது. இரண்டு பக்கக் கோடும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்காது. மாடலுக்கு வரும் கோடோ தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்; இரண்டு பக்கமும் துல்லியமாக ஒன்று. புல்லட் மாடல் செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை: ஸ்டிக்கரை ஒதுக்கிவிட்டு ஒற்றை மயிர்த் தூரிகையை எடுங்கள். 1:12-ல் மூன்று மில்லிமீட்டர் கோடு கால் மில்லிமீட்டர் ஆகும். கை லேசாக நடுங்கினாலும் தவறில்லை, அசலிலும் நடுங்கியிருக்கிறது.

ராயல் என்ஃபீல்டே சில ஆண்டுகளுக்கு முன் கிளாசிக் 500-ஐ மூன்றில் ஒரு பங்கு அளவில் மாடலாக்கி விற்றது. 2009-ல் இந்தியச் சாலைக்கு வந்த அந்த அசல் வண்டி திருவொற்றியூரில் பிறந்ததுதான். ஒரகடம் ஆலை வந்தது 2013-ல். மாடலில் 900-க்கும் மேற்பட்ட உதிரிகள், எடை எட்டரைக் கிலோ, விலை ஏறக்குறைய 68,000 ரூபாய். மூன்றின் கனம் இருபத்தேழு. 190 கிலோ வண்டிக்கு ஏழு கிலோதான் கணக்கு, இது அதற்கும் மேல். செயின், கிளட்ச் கேபிள் எல்லாம் அச்சு அசல். பார்த்தால் ஆசை வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் பூட்டி முடித்துக் கைக்கு வருகிறது; வாங்கியவருக்கு மிச்சம் வைத்த வேலை தூசி துடைப்பது மட்டும். அந்த 900 உதிரிகளையும் பிரித்து ஒரு பெட்டியில் போட்டு, பெயிண்ட் அடிக்காமல் பாதி விலைக்குக் கொடுத்திருந்தால் 1956-ன் திருவொற்றியூர் ஆளாக நாமும் ஒரு மாதம் வாழ்ந்திருக்கலாம்.

நம் ஊர் வண்டிக்குக் கிட் கிடைக்காததால், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் கிட்டே இல்லாமல் செய்கிறார்கள். ஃபோம் ஷீட், அட்டை, ஸ்கெட்ச் பேனா, எல்.இ.டி. விளக்கு இவற்றை வைத்தே, லேலண்ட் சேசிஸ் மேல் கட்டிய அரசுப் பேருந்துகள் அவர்கள் கையில் அப்படியே இறங்குகின்றன. அமெரிக்க ஏர்பிரஷும் ஜப்பான் பெயிண்ட்டும் அவர்களிடம் இல்லை. வண்டி தெரியும், அவ்வளவுதான். தடப் பலகையின் எழுத்து எவ்வளவு சாய்வு, கண்டக்டர் சீட்டுப் பக்கம் கம்பி எங்கே தேய்ந்து வெள்ளையாகும், படிக்கட்டுப் பக்கத் தகடு எந்த உயரத்தில் உரசிக் கீறியிருக்கும் என்று எல்லாம் தினமும் தொங்கிப்போய்ப் படித்த பாடம். மஸ்டாங்குக்கு ஆயிரம் புகைப்படப் புத்தகம் வேண்டும். அந்த வேலையில் இறங்கும் முன், எண்ணூர் டிப்போ வாசலில் நின்று ஒரு பேருந்தைச் சுற்றி வந்து, அடியில் குனிந்து, சக்கரத்துக்கு மேலே சேறு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். நடத்துனர் விசில் அடிப்பதற்குள் எழுந்துவிட வேண்டும்.